கோவை ஓடுபாதையை மொட்டை மாடியிலிருந்து படிப்பது: பத்து வயசுப் பொண்ணுக்கு எங்கிருந்து தொடங்கலாம்?

சின்னியம்பாளையத்தார் கேட்டது:

வணக்கம்ங்க. வீடு சின்னியம்பாளையம் பக்கம். ஓடுபாதை முனையிலிருந்து வரைபடத்துல அளந்தா நேர்கோட்டுல 2 கிலோமீட்டர் வருது. மகளுக்குப் பத்து வயசு. விமானம்னா உசிரு. வெறுமனே "ஏரோப்ளேன் போகுது பார்"னு சொல்லிட்டு விட எனக்கு மனசில்லைங்க. அவ கேக்குறதுக்கெல்லாம் சரியான பதில் வேணும்.

அவளோட கேள்விகள்: சில நாள் நம்ம வீட்டு மேல இறங்கி வருது, சில நாள் ஏறிப் போகுது, ஏன்? எது எந்த விமானம்னு அடையாளம் காண்பது எப்படி? வீட்டு மேல வரும்போது எவ்வளவு உயரத்துல இருக்கும்?

என்னோட கேள்விகள்: என்ன பைனாகுலர் வாங்கலாம்? நோட்டுல என்ன எழுதச் சொல்லலாம்? ஃபோன்ல விமானம் காட்டுற ஆப் போட்டுக் கொடுத்தேன், ஆனா அவ வானத்தை விட்டுட்டு ஃபோனையே பாக்குறா.

---

காற்றுப்பை:

முதல் கேள்விக்குக் காரணம் காற்று. விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்காற்றில்தான். இறக்கைக்கு வேண்டியது காற்றோடு ஒப்பிட்ட வேகம். நிறுத்த வேண்டியதோ தரையோடு ஒப்பிட்ட வேகம். இறங்கும் வேகம் 135 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நாட் எதிர்காற்றில் தரைவேகம் 120 ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து அடித்தால் 150. பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும், ஆகவே பின்காற்றில் இறங்கினால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

கோவையில் ஓடுபாதை ஒன்றுதான், ஆனால் அதற்கு எண் இரண்டு: 05, 23. காந்த வடக்கிலிருந்து எண்ணிய கோணத்தைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் வருவது அது. தென்மேற்கு நோக்கி ஓடினால் சுமார் 230 டிகிரி, ஆகவே 23. மறுமுனையிலிருந்து ஓடினால் 05. எந்த ஊர் ஓடுபாதையானாலும் இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 18 இருக்கும். சென்னையின் 07/25, 12/30, திருச்சியின் 09/27 எல்லாவற்றையும் அவளையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீடு வடகிழக்கு முனைப் பக்கம். தலைக்கு மேல் இறங்கி வந்தால் அன்று 23 நடக்கிறது. ஏறிப் போனால் 05. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும்; அம்மியே பறக்கும் காற்றில் 23 தவிர வேறு பேச்சில்லை. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக் காற்று நிலைத்த நாட்களில் 05 பார்க்கலாம். காற்றே இல்லாத காலை நேரங்களில் 23 கொடுப்பதும் உண்டு, ஏனென்றால் ஐஎல்எஸ் என்ற வழிகாட்டும் அலைக்கருவி அந்தப் பக்க இறக்கத்துக்குத்தான் இருக்கிறது.

உயரத்துக்குக் கணக்கு சுலபம். இறங்கும் சரிவு 3 டிகிரி. ஓடுபாதை முனையைச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் கடக்கும். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 52 மீட்டர் கூட்டுங்கள். உங்கள் வீடு 2 கிலோமீட்டர் என்றால் 15 + 104, ஏறக்குறைய 120 மீட்டர். 400 அடிக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது அவள் கையால் செய்ய ஒரு வேலை. விண்ட்சாக் என்கிற காற்றுப்பையை மாடியில் கட்டுங்கள். விமான நிலையத்தில் வைக்கும் பைக்குச் சர்வதேச அளவு குறைந்தது 3.6 மீட்டர் நீளம், வாய் 0.9 மீட்டர் அகலம், அதாவது 4-க்கு 1. வீட்டுக்கு அதே விகிதத்தில் வாய் 15 செ.மீ., நீளம் 60 செ.மீ., வால் துளை 7 செ.மீ. போதும்.

துணி: பழைய குடையின் நைலான் துணி. ஒரு பக்கம் 49 செ.மீ., மறுபக்கம் 24 செ.மீ., இடையில் 60 செ.மீ. உள்ள சரிவகமாக வெட்டுங்கள். ஓரம் தைக்க 2 செ.மீ. அதில் சேர்ந்திருக்கிறது. வாய்க்கான மடிப்புக்கு மேலே இன்னொரு 2 செ.மீ. விடுங்கள். வாய் வளையத்துக்கு 2 மி.மீ. ஜிஐ கம்பி 50 செ.மீ. வளையத்தில் சம இடைவெளியில் மூன்று நூல், மூன்றும் சேரும் இடத்தில் தூண்டில் கடையில் விற்கும் சுழலி ஒன்று. சுழலியைக் கம்பத்தில் கட்டுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. சுழலி இல்லாவிட்டால் ஒரே நாளில் நூல் முறுக்கிக்கொண்டு பை ஒரு பக்கமே பார்த்து நிற்கும். காட்டன் துணியில் தைத்தால் லேசான காற்றுக்கு எழும்பாது, மழையில் நனைந்து தொங்கும். வால் துளையை மூடித் தைத்தால் காற்று வெளியேற வழியில்லாமல் பை உதறி அடித்துத் தையல் பிரியும்.

கம்பத்தின் உச்சி கைப்பிடிச் சுவரைவிட 2 மீட்டராவது உயரட்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தொட்டியின் மறைவில் காற்று சுழன்று எதிர்த் திசையைக்கூடக் காட்டும். பையின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. குழந்தைகள் பெரும்பாலும் வால் காட்டும் பக்கத்தைச் சொல்லிவிடுவார்கள், முதல் நாளே திருத்திவிடுங்கள்.

---

இறக்கைக்கணக்கு:

அடையாளம் காண்பதை வண்ணத்திலிருந்து தொடங்க வேண்டாம். வண்ணம் நிறுவனத்தைச் சொல்லும், விமானத்தைச் சொல்லாது. வரிசை இப்படி இருக்கட்டும்: இறக்கை உடலுக்கு மேலா கீழா, இன்ஜின் எங்கே, வால் எப்படி, அதற்குப் பிறகு சக்கரம்.

கோவையில் அதிகம் வருவது ஏர்பஸ் ஏ320 குடும்பம். இறக்கை கீழே, அதற்கடியில் இரண்டு இன்ஜின். போயிங் 737-ஐயும் இதையும் குழப்பிக்கொள்வார்கள். 737-இன் செங்குத்து வால் உடலில் சேரும் இடத்தில் ஒரு முறிவு தெரியும், முன்னால் ஒரு சிறு முக்கோணத் துண்டு ஒட்டியதுபோல. ஏ320-இல் வால் ஒரே கோடாக இறங்கும். உங்கள் வீட்டுக்கு இன்னொரு வசதி, அடிவயிறு தெரியும். 737-இன் பிரதான சக்கரத்துக்கு முழு மூடி கிடையாது. சக்கரம் உள்ளே போன பிறகும் வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். 05-இல் ஏறிப் போகும் நாளில் இதைத் தேடச் சொல்லுங்கள்.

ஏ320, ஏ321 இரண்டையும் பிரிப்பது நீளம். முன்னது 37.6 மீட்டர், பின்னது 44.5. இறக்கை விரிவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே இறக்கையைவிட உடல் தெளிவாக நீண்டு தெரிந்தால் ஏ321.

ஏடிஆர் 72 வந்தால் பார்த்தவுடன் தெரியும்: இறக்கை உடலுக்கு மேலே, ஆறு இதழ் ப்ரொப்பெல்லர், கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில். ஆனால் சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு பொறி உண்டு. விமானப்படையின் ஏஎன்-32-உம் மேல் இறக்கை, இரட்டை ப்ரொப்பெல்லர். அதில் இன்ஜின் இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், கிடைவால் கீழே உடலோடு ஒட்டியிருக்கும். வாலைப் பார்த்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

ஏடிஆர் பற்றி இன்னொன்று, விமான நிலையம் போகும் நாளில் பார்க்க. நிற்கும்போது வலது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதன் ப்ரொப்பெல்லர் சுற்றாது. பழுதில்லை. ப்ரொப்பெல்லருக்கு மட்டும் பிரேக் போட்டு, மின்சாரத்துக்கும் ஏசிக்கும் அந்த இன்ஜினை ஓட விடுவார்கள். பயணிகள் இடது பக்கப் பின்கதவில் ஏறுவதால் வலது பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இரவில் விளக்கு. விமானத்தின் இடது இறக்கை சிவப்பு, வலது பச்சை, வாலில் வெள்ளை. உங்களை நோக்கி வந்தால் சிவப்பு உங்கள் வலக்கைப் பக்கம் தெரியும். விலகிப் போனால் சிவப்பு இடக்கைப் பக்கம். பத்து வயதுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை, மின்தடை நாளில்கூட ஆடலாம்.

நோட்டில் ஒரு விமானத்துக்கு ஒரு வரி போதும்: தேதி, 24 மணிக் கணக்கில் நேரம், 23-ஆ 05-ஆ, ஏறுகிறதா இறங்குகிறதா, வகை, பதிவு எண், காற்றுப்பை நின்ற நிலை. பதிவு எண் உடலின் பின்பகுதியிலும் இடது இறக்கையின் அடியிலும் இருக்கும். விடி என்று தொடங்கினால் இந்தியா, 9வி சிங்கப்பூர், ஏ6 அமீரகம், 4ஆர் இலங்கை. தெரியாத வகைக்குக் கேள்விக்குறி போட்டு, பார்த்த வடிவத்தை நாலு கோட்டில் வரையச் சொல்லுங்கள். ஊகத்தை எழுதிவிட்டால் அதுவே மனதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றுவது கஷ்டம்.

---

எட்டுக்குமுப்பத்திரண்டு:

பைனாகுலருக்கு 8×32 பாருங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மி.மீ. அகலம். கடையில் 10×50-ஐத் தள்ளுவார்கள், வாங்காதீர்கள். எடை முக்கால் கிலோவுக்குக் குறையாது, குழந்தையின் கை இரண்டு நிமிடத்தில் நடுங்கும், அந்த நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பார்வைப் பரப்பும் குறுகலாக இருப்பதால் ஓடும் விமானத்தைச் சட்டத்துக்குள் பிடிக்கவே முடியாது. 8×32 என்றால் அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் முடிந்துவிடும்.

பலரும் கவனிக்காத அளவு ஒன்று: இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். பெரியவர்களுக்கான பல மாடல்கள் 56 மி.மீ.க்குக் கீழே மடங்காது. பத்து வயதில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு வட்டத்துக்குப் பதில் இரண்டு வட்டமும் ஓரத்தில் கறுப்பும் தெரியும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, "எனக்குத் தெரியல" என்று வைத்துவிடும். ஆகவே ஆன்லைனில் வாங்காமல் அவளையும் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணில் வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சூரியன். பைனாகுலரில் சூரியன் ஒரு நொடி பட்டாலும் விழித்திரை கருகலாம், அப்போது வலிக்காது. இதை உங்கள் ஓடுபாதையோடு சேர்த்துப் பாருங்கள். 23-க்கு இறங்கும் விமானம் வடகிழக்கிலிருந்து, சுமார் 50 டிகிரித் திசையிலிருந்து வரும். ஜூனில் கோவையில் சூரியன் உதிப்பது சுமார் 66 டிகிரியில். அதாவது பருவக்காற்று மாதங்களில் காலைச் சூரியன் விமானம் வரும் வழிக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாலையில் மட்டும் பைனாகுலர். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், விமானத்தின் முகத்திலும் வெளிச்சம் விழும்.

டிசம்பரில் தலைகீழ். 05 நடந்தால் விமானங்கள் தென்மேற்கிலிருந்து, 230 டிகிரிப் பக்கமிருந்து இறங்கும். அப்போது சூரியன் மறைவது 246 டிகிரியில். மாலையில் எடுக்காமல் காலையில் எடுங்கள்.

---

சின்னியம்பாளையத்தார்:

ரொம்ப நன்றிங்க. காற்றுப்பை தைச்சுக் கட்டியாச்சு, சுழலி காந்திபுரத்துல கிடைச்சது. ரெண்டு சந்தேகம்.

வீட்டு மேல வரும்போது 120 மீட்டர்னு சொன்னீங்க. ஆப் 1,850 அடின்னு காட்டுது. 560 மீட்டருக்கு மேல வருதே, எது சரி? ரெண்டாவது, மேக உயரத்துல போற விமானத்தோட சத்தம் ஒரு இடத்துல கேக்குது, விமானம் வேற இடத்துல இருக்குது. அவ சத்தம் வர்ற பக்கமே தேடிட்டு "காணோம்"ங்கிறா.

---

காற்றுப்பை:

இரண்டுமே சரி. ஆப் காட்டுவது உங்கள் மாடியிலிருந்து உயரம் இல்லை. விமானம் அனுப்புவது காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம். கடல்மட்ட அழுத்தம் எப்போதும் 1013.25 ஹெக்டாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. அதிலிருந்து இரண்டு அளவுகளைக் கழிக்க வேண்டும்.

முதலில் கோவையின் உயரம். ஓடுபாதையே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,320 அடியில் இருக்கிறது. அடுத்தது அன்றைய அழுத்தம். வானிலை அறிக்கையில் 1008 என்றிருந்தால் வித்தியாசம் 5, ஒரு ஹெக்டாபாஸ்கலுக்கு 27, 28 அடி, ஆகச் சுமார் 140. 1,850-இலிருந்து 1,320-ஐயும் 140-ஐயும் கழியுங்கள்: 390 அடி, 119 மீட்டர். மூன்று டிகிரிக் கணக்கில் வந்த அதே உயரம். ஆப் 25 அடிப் படிகளாகக் காட்டுவதால் பத்து இருபது அடி முன்னே பின்னே வரும்.

ஆகவே ஆப்பை எடுத்துவிட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் வானத்தைப் பார்த்து அவள் உயரத்தையும் வகையையும் நோட்டில் எழுதட்டும். விமானம் போன பிறகு ஆப்பைத் திறந்து சரிபார்க்கட்டும்.

அழுத்தத்தையும் காற்றையும் எடுக்க மெட்டார் என்கிற விமான நிலைய வானிலை அறிக்கை போதும். கோவைக்கான குறியீடு விஓசிபி. அதில் காற்றுக்கு ஐந்து இலக்கம்: 25014 என்றால் 250 டிகிரியிலிருந்து 14 நாட். அங்குள்ள நேரம் உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். உங்கள் பை எத்தனை நாட்டில் எவ்வளவு எழும்புகிறது என்பதை இதோடு ஒப்பிட்டு ஒரு பட்டியல் போடுங்கள். நிலையத்துப் பைகள் 15 நாட்டை ஒட்டி முழுசாக நீளும்படி செய்யப்படுகின்றன. குடைத்துணி லேசானது, அதற்கு முன்பே நீண்டுவிடும். காற்று 250, ஓடுபாதை 230 என்றால் 20 டிகிரி சாய்வு. பக்கக்காற்று 14-இல் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 5 நாட். சாய்வு 30 டிகிரியானால் பாதி, 60 ஆனால் பத்தில் ஒன்பது. அப்படிப்பட்ட நாளில் விமானம் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு நடையில் வருவதை உங்கள் மாடியிலிருந்தே பார்க்கலாம்.

சத்தத்துக்கு: ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி. பத்து கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானத்தின் சத்தம் வந்து சேர அரை நிமிடம். அதற்குள் அது ஏழு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். சத்தம் வரும் இடத்திலிருந்து, விமானம் போகும் திசையில் முப்பது நாற்பது டிகிரி முன்னால் தேட வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்தால் ஒரு சாண் சுமார் 20 டிகிரி. இரண்டு சாண் முன்னால் என்று சொல்லிக்கொடுங்கள்.

---

இறக்கைக்கணக்கு:

சாண் சொன்னதால் சுண்டுவிரலையும் சேர்க்கிறேன். நீட்டிய கையில் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி. பௌர்ணமி நிலவு அரை டிகிரி, விரல் அதைப்போல் இருமடங்கு தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் போகும் ஏ320-ஐ சுண்டுவிரல் சரியாக மறைத்தால் தூரம் நீளத்தின் 57 மடங்கு, 2.1 கிலோமீட்டர். ஏ321 என்றால் 2.5, ஏடிஆர் என்றால் 1.5. விமானம் சாய்வாகத் திரும்பியிருந்தால் நீளம் குறைந்து தெரியும், தூரம் அதிகமாக வரும். நேரே வரும் விமானத்துக்கு உடல் நீளத்தை எடுக்காமல் இறக்கை விரிவை எடுங்கள், வளைந்த நுனியுள்ள ஏ320-க்கு 35.8 மீட்டர்.

---

எட்டுக்குமுப்பத்திரண்டு:

விதிகளையும் சொல்லிவிட வேண்டும். மாடியிலிருந்து கண்ணால், பைனாகுலரால் பார்ப்பதில் சிக்கலில்லை. சூலூர் விமானப்படைத் தளத்தின் பக்கம் கேமராவோ பைனாகுலரோ எடுத்துப் போகவே வேண்டாம். விமான நிலைய மதிலை ஒட்டி நின்று படமெடுக்க நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். விமானிகள் பேசுவதைக் கேட்க ரேடியோ வாங்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். உரிமமில்லாமல் அது சட்டச் சிக்கல்.

மாடியில் லேசர் விளக்கு கூடாது, விளையாட்டுக்குக்கூட. விமானி அறைக் கண்ணாடியில் பட்டால் ஒளி சிதறி முழுக் கண்ணாடியும் பச்சையாகிவிடும், அதுவும் இறங்கும் கடைசி நிமிடத்தில். உங்கள் வீடு இறங்கும் பாதையிலேயே இருப்பதால் பட்டம் விடுவதும் வேண்டாம். மீன், கறிக் கழிவை வெட்டவெளியில் கொட்டாதீர்கள், பருந்து கூடும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் கழிவைக் கொட்டுவதற்கு விதியே தடை போட்டிருக்கிறது.

காற்றுப்பைக் கம்பத்தைக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஆடி பிறக்கும் முன் சுழலிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூன்று நூலையும் புதிதாக மாற்றிவிடுங்கள். வெயிலில் நைலான் நூல் ஆறு மாதத்தில் இற்றுப்போகும்.